ஈ85-க்கு இன்ஜெக்டர்: 1.8 டர்போ, 300 எச்பி, கையில் முப்பதாயிரம்

கீழக்கரை_டர்போ:

எல்லோருக்கும் சலாம், வணக்கம். என்னிடம் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று இருக்கிறது. 1.8 லிட்டர் 20 வால்வு டர்போ, கம்பெனியிலிருந்து வரும்போது 150 எச்பி கொடுத்த இன்ஜின். இரண்டு வருடமாகக் காசு சேரச் சேர வேலை பார்க்கிறேன். ஃபோர்ஜ்டு ராடு, பிஸ்டன், பெரிய டர்போ, தனி ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) எல்லாம் ஏறிவிட்டது. குறி 300 எச்பி. சாலையில் ஓட்டுவதற்கு இல்லை, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ட்ராக் நாள் கிடைக்கும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டத்தான். எரிபொருளுக்கு எத்தனால், ஈ85 (85 சதவீதம் எத்தனால், மீதி பெட்ரோல்) அளவுக்குக் கலந்து ட்யூன் செய்யலாம் என்று ட்யூனர் சொல்கிறார். எனக்கும் அதுதான் ஆசை. நம் ஊர் மே மாத வெயிலில் பெட்ரோலில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றினால் கலவை தானாக வெடித்து இன்ஜின் நாக் அடிக்கிறது, அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துவிட்டது.

இப்போது நிற்பது எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரில். ராமநாதபுரத்தில் நண்பன் ஒருவன் நிமிடத்துக்கு 550 சிசி ஊற்றுவது போதும், ப்ரஷரை 4 பாருக்கு ஏற்றிக்கொள் என்கிறான். ஆன்லைனில் 1000 சிசி, பெரிய கம்பெனி முத்திரையோடு, நான்கும் சேர்ந்து ஒன்பதாயிரம் என்று கிடக்கிறது. உண்மையான போஷ் செட் விசாரித்தால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு சொல்கிறார்கள். இன்ஜெக்டருக்கென்று நான் ஒதுக்கியது முப்பதாயிரம், கொஞ்சம் நீட்டலாம், ரொம்ப முடியாது. ஷார்ஜாவில் இருக்கும் காக்கா (அண்ணன்) அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், அங்கே பழைய பார்ட்ஸ் கடையில் பிரித்தெடுத்த இன்ஜெக்டர் இருக்கும், பார்த்து வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். எது சரி? ஆளுக்கு ஒரு நம்பர் சொல்கிறார்கள், எவ்வளவு சிசி வேண்டும் என்று நானே கணக்குப் போடும் வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.


மண்டபம்_கேரேஜ்:

தம்பி, கணக்கு கடினம் இல்லை. காகிதம் எடுத்துக்கொள்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ85-க்கு சுமார் 9.8 கிலோ, சுத்த எத்தனாலுக்கு 9 கிலோ போதும். டர்போ உள்ளே தள்ளும் காற்று அதேதான், அதனால் அந்தக் காற்றுக்கு ஊற்ற வேண்டிய எரிபொருள்தான் கூடுகிறது. நடைமுறையில் பெட்ரோலைவிட 40 சதவீதம் கூடுதல் என்று மனதில் வைத்துக்கொள். உன் நண்பன் சொல்லும் 550 பெட்ரோல் கணக்கு, அவன் பொய் சொல்லவில்லை, எரிபொருளை மாற்றிப் பார்க்க மறந்துவிட்டான்.

டர்போ இன்ஜின் முழு வேகத்தில் ஒரு எச்பிக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வைப்பார்கள், ஈ85 என்றால் 0.85. உன் 300 எச்பியை 0.85-ஆல் பெருக்கினால் மணிக்கு 255 பவுண்டு. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 64 சொச்சம். இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதனால் 0.8-ஆல் வகுத்தால் 80 பவுண்டு. 10.5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சிசி என்று வரும், சுமார் 840. இதே 300 எச்பி பெட்ரோலில் என்றால் 590 தான்.

80 சதவீதம் ஏன் என்று கேட்பாய். 7000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு, அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்ற, கிடைப்பதே 17 மில்லிசெகண்டுதான். அதில் 80 சதவீதம் என்றால் 13.7. அதற்கு மேலே போனால் ஊசி ஒழுங்காக மூடித் திறக்க நேரம் இல்லாமல் தடுமாறும், ஈசியு ஒன்று கேட்கும், இன்ஜெக்டர் வேறொன்று கொடுக்கும். வெயில், வோல்டேஜ் இறக்கம், அடைக்கத் தொடங்கும் ஃபில்டர், இதற்கெல்லாம் இருக்கும் ஒரே இடம் அந்த மிச்சம் 20 சதவீதம்தான்.

அப்புறம் ஒரு கேள்வி, இதை யாருமே கேட்பதில்லை. நீ சொல்லும் 300 இன்ஜினின் கிராங்கிலா, டைனோவில் (பவர் அளக்கும் மெஷினில்) சக்கரத்திலா? சக்கரத்தில் 300 என்றால் கிராங்கில் 345 பக்கம் வேண்டும், அப்போது கணக்கு 960 சிசிக்குப் போய்விடும்.

ப்ரஷர் ஏற்றுவது பற்றி. 3 பாரிலிருந்து 4 பாருக்குப் போனால் ப்ரஷர் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஓட்டமோ 15 சதவீதம்தான் கூடும், வர்க்கமூலக் கணக்கு அது. 550 என்பது 635 ஆகும். 635-ஐ வைத்து ஈ85-ல் 80 சதவீதத்தில் எடுக்க முடிந்தது 227 எச்பி, அவ்வளவுதான். ப்ரஷர் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும், அது தனிக் கதை.

ஆக, உனக்கு 3 பாரில் 875-லிருந்து 1000-க்குள் வேண்டும். காசுக்குத் தகுந்த பொருள் என்றால் இரண்டு சொல்வேன். சீமென்ஸ் டெக்கா 80 பவுண்டு, 875 சிசி, பல வருடமாக ஓடுகிறது, விலை குறைவு. ஆனால் சிறிய பல்ஸில் (ஊசி மிகக் குறைந்த நேரம் திறக்கும்போது) அது ஊற்றும் அளவு நேர்கோட்டில் நடக்காது, ஐடிலில் ட்யூனர் கொஞ்சம் போராடுவார். இன்னொன்று போஷ் ஈவி14 வகை 980. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், காரணம் உன் பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்டினால் எட்டிவிடும், அதன் டெட் டைம் (கரண்ட் வந்த பிறகு ஊசி திறக்க எடுக்கும் நேரம், வோல்டேஜ் இறங்கினால் கூடும்) கணக்கு வோல்டேஜ் வாரியாக எல்லோரிடமும் இருக்கிறது, ட்யூனர் நேராக ஈசியுவில் ஏற்றிவிடலாம்.

இரண்டும் 12 ஓம் பக்கம் வரும் ஹை இம்பிடன்ஸ்தான், உன் ஈசியு நேராக ஓட்டும். 2, 3 ஓம் காட்டும் பழைய ரகத்தை வாங்கிவிடாதே, அதற்குத் தனி டிரைவரோ ரெசிஸ்டரோ வேண்டும், இல்லையென்றால் ஈசியு போய்விடும்.


தொண்டி_லாக்:

மண்டபம் அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் அந்த ஒன்பதாயிரம் ரூபாய் செட் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் வாங்கியிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்னால், ஒரு ஆன்லைன் கடையில், இதேபோல 1000 சிசி, இதேபோலப் பெரிய கம்பெனி முத்திரை. பெட்டி, ஸ்டிக்கர் எல்லாம் அழகாக இருந்தது. மாட்டினேன், ஸ்டார்ட் ஆனது, ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கியது, ட்யூனில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். டைனோவில் வைட்பேண்டு மீட்டர் (புகையைப் பார்த்து காற்று, எரிபொருள் விகிதம் சொல்வது) நல்ல நம்பரே காட்டியது. மூன்றாவது முறை முழு பூஸ்ட் இழுத்தபோது புகை. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் பள்ளத்துக்கு மேலே உருகி ஓரம் பெயர்ந்து போயிருந்தது, மற்ற மூன்றும் புத்தம் புதிதாக இருந்தன.

அதற்குப் பிறகுதான் மதுரைக்கு எடுத்துப்போய் ஃப்ளோ பெஞ்சில் (ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஊற்றுவதை அளக்கும் மெஷினில்) வைத்தேன். நான்கும் நான்கு அளவு. அதிகம் ஊற்றியதற்கும் குறைவாக ஊற்றியதற்கும் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம், எதுவுமே 1000-ஐத் தொடவில்லை. வைட்பேண்டு நான்கு சிலிண்டரின் புகையையும் கலந்துதான் பார்க்கிறது, அது சொல்வது சராசரி. மூன்று சிலிண்டர் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) ஓடி ஒன்று லீனாக (எரிபொருள் குறைவாக) எரிந்துகொண்டிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியவில்லை.

அந்த பிஸ்டன், போர் வேலை, கேஸ்கெட், மறுபடி டைனோ என்று கூட்டினால் நல்ல செட் மூன்று வாங்கியிருக்கலாம். அதனால் தம்பி, எதை வாங்கினாலும் சரி, உண்மையான போஷாகவே இருந்தாலும் சரி, இன்ஜினில் ஏறுவதற்கு முன்னால் ஃப்ளோ பெஞ்சில் வைத்து நான்கும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடு. முழுதாகத் திறந்து வைத்து மட்டும் அளக்கச் சொல்லாதே, ஐடிலில் வரும் சிறிய பல்ஸிலும் அளக்கச் சொல், போலி அங்கேதான் பிடிபடும். தாளில் எழுதி வாங்கிக்கொள். எந்த சிலிண்டரில் எது இருக்கிறது என்று குறித்துவை.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார். ஒன்று மட்டும் வெளிறிப்போய் நின்றால் அதோடு நிறுத்து.


சாயல்குடி_86:

டெக்கா 875-ஐ நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், 260 எச்பி, ஈ85. ஐடில் பற்றிச் சொல்வது உண்மைதான், ஆனால் பொறுமையான ட்யூனர் இருந்தால் அடங்கிவிடும். காசு உண்மையிலேயே இடிக்கிறது என்றால் அதைத் தள்ளிவிடாதே. உன் குறி சக்கரத்தில் 300 என்றால் மட்டும் 980-க்குப் போ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி தயாரானதும் தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம் என்று யாராவது கூப்பிடுவார்கள். போகாதே. இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் ரோட்டின் மேலே மணல் ஏறிக் கிடக்கும், சுற்றுலா வந்த குடும்பங்கள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி இந்த அளவு மாற்றிய இன்ஜினைப் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது. ட்ரெய்லரில் கோயம்புத்தூர் போவது என்று நீயே எழுதியிருக்கிறாய், அதிலேயே நில்.


பாம்பன்_நாசில்:

நான் படகு டீசல் இன்ஜின் வேலை பார்ப்பவன், பெட்ரோல் ட்யூனிங் எனக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலாவது, பெட்ரோல் இன்ஜெக்டரைக் கொண்டுவந்து, அண்ணே உங்கள் நாசில் டெஸ்டரில் வைத்து அடித்துப் பாருங்கள் என்று பையன்கள் கேட்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. நாங்கள் கைப்பம்பில் அடிப்பது 200 பார் அளவில், டீசல் நாசில் ப்ரஷரால் திறப்பது. உங்களுடையது 3, 4 பாரில் இருந்து காயிலில் கரண்ட் வந்து திறப்பது. எங்கள் டெஸ்டரில் ஒரு அடி அடித்தால் உள்ளே இருக்கும் எல்லாம் போய்விடும். தொண்டித் தம்பி சொன்ன மாதிரி பெட்ரோல் இன்ஜெக்டருக்கென்று பெஞ்ச் வைத்திருப்பவரிடம் போங்கள்.

இரண்டாவது, உப்பு. நம் கரையில் எந்த எலெக்ட்ரிக் சாக்கெட்டைத் திறந்தாலும் ஆறு மாதத்தில் பின்னில் பச்சை பூத்துக் கிடக்கும். இன்ஜெக்டர் சாக்கெட்டில் அப்படிப் பூத்தால் வோல்டேஜ் இறங்கும், இறங்கினால் அது திறக்க நேரம் எடுக்கும் என்று மேலே படித்தேன், அப்படியானால் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சாக்கெட்டின் ரப்பர் சீல் நன்றாக இருக்க வேண்டும், உள்ளே கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பழைய வயரை வெட்டி ஒட்டிய சாக்கெட் வேண்டாம், செம்பு உள்ளே கறுத்திருந்தால் அந்த நீளத்தையே வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது இழுங்கள்.


கீழக்கரை_டர்போ:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தொண்டி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஒன்பதாயிரம் செட்டை மறந்துவிட்டேன். குறி கிராங்கில் 300 தான், ஆனால் நாளைக்கு ஆசை கூடும் என்று எனக்கே தெரியும், அதனால் 980 பக்கம் மனம் போகிறது.

மூன்று சந்தேகம். ட்ராக் இல்லாத நாளில் ஷெட்டில் ஓட விட பங்க் பெட்ரோல் ஊற்றினால் 980 ஐடிலில் மூழ்கடிக்குமா? பம்ப், ஹோஸ் எல்லாம் பழையதே போதுமா? காக்கா ஷார்ஜாவில் பிரித்தெடுத்தது பற்றிக் கேட்டாரே, அது சரிப்படுமா?


மண்டபம்_கேரேஜ்:

ஷார்ஜா முதலில். பிரித்தெடுத்தது வேண்டாம். அது எந்த வண்டியில் எவ்வளவு ஓடியது, உண்மையா போலியா, எதுவும் தெரியாது. போதாக்குறைக்குப் பெட்ரோல் வாடை அடிக்கும் பார்ட்ஸை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள், உன் காக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து நிற்க வேண்டியதாகிவிடும். புதியதாக, பில்லோடு, ஒழுங்கான கடையில் வாங்கி வரச் சொல். கடைக்குப் போவதற்கு முன்னால் உன் பழைய இன்ஜெக்டரில் மேல் ஓ-ரிங்குக்கும் கீழ் ஓ-ரிங்குக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியரில் அளந்து அனுப்பு. ஈவி14 வகையில் நீளம் குட்டை என்று மூன்று உடம்பு வரும், ஓட்டம் ஒன்றாக இருக்கும், ஆனால் உடம்பு மாறினால் ரயிலில் (இன்ஜெக்டர்கள் மாட்டும் எரிபொருள் குழாயில்) உட்காராது. சாக்கெட்டும் உன்னுடைய பழைய வடிவத்துக்கு மாறுபடும், நான்கு சாக்கெட்டும் சேர்த்தே வாங்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெரிய ஓட்டம் மலிவாக வேண்டும் என்று சிஎன்ஜி வண்டிக்கான இன்ஜெக்டரை எடுத்து மாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாயுவுக்கு என்று செய்தது அது, உள்பாகம் எத்தனாலைத் தாங்குமா என்று விற்பவர் எழுத்தில் சொல்லாவிட்டால் விட்டுவிடு. உள்ளே ஸ்டெயின்லெஸ் இல்லாத இன்ஜெக்டர் எத்தனாலில், அதுவும் வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது, துரு பிடித்து ஊசி ஒட்டிக்கொள்ளும்.

ஐடில் பற்றி. 980 மூழ்கடிக்காது. இப்போது பங்கில் வருவதே ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது), அதுவும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். 1700, 2000 சிசி என்று போனால்தான் பெட்ரோல் ஐடிலில் கொடுக்க வேண்டிய பல்ஸ் டெட் டைமுக்குப் பக்கத்தில் போய் நின்று ஏறி இறங்கும். தேவைக்கு மேல் பெரியது வாங்குவது வருங்காலத்துக்குச் சேமிப்பு இல்லை தம்பி, தினமும் தொல்லை.

பம்ப். மணிக்கு 255 பவுண்டு என்று கணக்குப் போட்டோமே, ஈ85-ல் அது மணிக்கு 148 லிட்டர், நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் போகிறது. இதை 3 பாரில் கொடுத்தால் போதாது. ஒன்றரை பார் பூஸ்ட் இருந்தால் ரெகுலேட்டர் அதையும் சேர்த்து 4.5 பாரில் கேட்கும். பழைய பம்ப் அங்கே கைவிட்டுவிடும், அப்போது நீ எத்தனை நல்ல இன்ஜெக்டர் போட்டாலும் லீன்தான். எத்தனாலுக்கு என்று செய்த பம்ப் வாங்கு, அதற்கு பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், தனி ரிலே. இன்ஜெக்டருக்கு ஒதுக்கிய முப்பதாயிரத்தில் இதைச் சேர்க்கப் பார்க்காதே, இது தனிச் செலவு, இப்போதே மனதைத் தயார் செய்துகொள்.

ஹோஸ் கண்டிப்பாக மாற்ற வேண்டும். சாதாரண ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், உள்ளே இருந்து கரைந்து கறுப்புப் பிசினாக இன்ஜெக்டர் முனையில் போய்ப் படியும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ் போடு, ஓ-ரிங் வைட்டன் (எத்தனாலைத் தாங்கும் ரப்பர்). ரயிலுக்கு முன்னால் 10 மைக்ரான் ஃபில்டர், பேப்பர் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் வலை. எத்தனால் முதல் இரண்டு டேங்கில் பழைய அழுக்கை எல்லாம் கழுவி எடுத்துக்கொண்டு வரும், அதனால் முதல் ட்ராக் நாள் முடிந்ததும் ஃபில்டரைத் திறந்து பார்.

எத்தனாலை யாரோ டிரம்மில் தருகிறார் என்று வாங்காதே, நம் மாநிலத்தில் ஸ்பிரிட் வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். 2024 மார்ச்சில் ஈ100 என்று 183 பங்கில் விற்பனை தொடங்கினார்கள், அந்த ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. போன் செய்து இருப்பைக் கேட்டுவிட்டுக் கிளம்பு. ஈ100 என்று பெயர் இருந்தாலும் எத்தனால் 93 சதவீதம் பக்கம்தான், மீதி பெட்ரோலும் கலவைப் பொருளும். ஒன்பது பங்கு அதில் ஒரு பங்கு ஈ20 பெட்ரோல் ஊற்றினால் ஈ85 ஆகிவிடும். கலந்த பிறகு அளந்து பார்க்க எளிய வழி உண்டு. அளவுக் குழாயில் 50 மில்லி எரிபொருள், 50 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வை, எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடும், மேலே மிதக்கும் பெட்ரோல் ஏழெட்டு மில்லி இருந்தால் சரி. காசு வந்ததும் எத்தனால் சென்சார் ஒன்று மாட்டிவிடு, 50 ஹெர்ட்ஸ் என்றால் பூஜ்யம், 150 என்றால் முழு எத்தனால், உன் ஈசியு தானே படித்துக்கொள்ளும்.

கடைசியாக நம் ஊருக்கே உள்ள பிரச்சினை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஈ20-ல் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் நிற்கும், இன்ஜின் தடுமாறி உனக்குச் சொல்லிவிடும். ஈ85 அப்படிப் பிரியாமல் நிறையத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும், வண்டி ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும், துரு மட்டும் உள்ளே வேலை பார்க்கும். அதனால் ட்ராக்கிலிருந்து வந்து ஒரு மாதம் நிறுத்துவதாக இருந்தால் ஈ85-ஐ வடித்துவிட்டு, பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் மேப்பில் பத்து நிமிடம் ஓடவிட்டு அணை. நல்லது என்னவென்றால், குளிர் நாட்டுக்காரர்கள் ஈ85-ல் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படும் பாடு நமக்கு மார்கழியில்கூட இல்லை.


தொண்டி_லாக்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ரயிலில் ப்ரஷர் சென்சார் ஒன்று போட்டு ஈசியுவோடு சேர்த்துவிடு. பூஸ்ட் ஏறும்போது ப்ரஷரும் அதே அளவு ஏறவில்லை என்றால் உடனே பூஸ்டை வெட்டும்படி ட்யூனரிடம் கேள். என் வண்டியில் அன்றைக்கு அது இருந்திருந்தாலும் இன்ஜெக்டர் வித்தியாசத்தைக் காட்டியிருக்காது, ஆனால் பம்ப் களைத்தால் காட்டிக்கொடுக்கும்.


கீழக்கரை_டர்போ:

காக்காவிடம் பேசிவிட்டேன். போஷ் 980 புதியது நான்கு, சாக்கெட்டோடு, பில்லோடு. ஓ-ரிங் நடுவில் அளந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பார். வந்ததும் மதுரையில் பெஞ்சில் வைத்துவிட்டு அந்தத் தாளை இங்கே போடுகிறேன். பம்ப்புக்குக் காசு சேர இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை டைனோ வேண்டாம் என்று ட்யூனரிடம் சொல்லியாகிவிட்டது.

நேற்று இரவு ரயிலுக்கு வரும் பழைய ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்பக்கம் நகத்தால் கீறினால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருகிறது, இதுவரை இதில் ஓடியது வெறும் ஈ20 தான்.